எம் என்றால் எத்தனை சென்டிமீட்டர்? விளையாட்டு உடைகளின் அளவு ஒரே சீராக அமைவது எப்படி



விளையாட்டுப் போட்டி நெருங்கினால் இல்லப் பொறுப்பாசிரியர்களுக்கு வந்து சேரும் வேலை எதுவென்று உங்களுக்குத் தெரியும். வாட்சாப் குழுவில் பெயரும் அளவும் கேட்போம். "எஸ் எத்தனை, எம் எத்தனை, எல் எத்தனை" என்று எண்ணிக் கடைக்கு அனுப்புவோம். சென்ற ஆண்டு செலண்டாரில் நானும் அப்படித்தான் செய்தேன்.

ஜெர்சி மூட்டை வந்து பிரித்துக் கொடுத்த மறுநாள், இரண்டாம் படிவ மாணவி ஒருத்தி சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "பத்தல டீச்சர்" என்றாள். குறுக்கோட்டத்தில் நன்றாக ஓடக்கூடிய பிள்ளை. முந்தைய ஆண்டும் எம் தான் போட்டிருந்தாள். கடையில் கேட்டேன். "எம் கேட்டீங்க, எம் தான் குடுத்தோம். பேரு வேற அடிச்சாச்சு, மாத்த முடியாது" என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா கொடுத்த 35 ரிங்கிட் அதோடு போயிற்று.

அந்த வாரம் அவள் பயிற்சிக்கு வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டபோது, "நான் குண்டாயிட்டேன் போல டீச்சர். ஓடினா எல்லாரும் பார்ப்பாங்க" என்றாள். பழைய சட்டையையும் எடுத்து வரச் சொன்னேன். இரண்டையும் மேசையில் விரித்து டேப் வைத்து அளந்தோம். அக்குளுக்குக் கீழே ஓரத்திலிருந்து ஓரம் வரை பழையது 50 செ.மீ., புதியது 47 செ.மீ. சுற்றளவில் கணக்கிட்டால் 6 செ.மீ. வித்தியாசம். இரண்டின் கழுத்துப் பட்டையிலும் எம் என்றே போட்டிருந்தது.

ஒரே எழுத்துக்கு எப்படி இரண்டு அளவு வருகிறது? ஒரே அளவாக வர என்ன செய்ய வேண்டும்? இதைத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன். வகுப்பில் விளக்கக் கட்டுரைப் பாடத்திற்கும் பயன்படும் என்பதால் கடைசியில் அதற்கான நடவடிக்கையும் உண்டு.

ஒரே சொல், மூன்று அளவு

தமிழில் "அளவு" என்ற ஒரு சொல்லால் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்லிவிடுகிறோம். குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

முதலாவது உடலளவு. மார்பின் பருத்த பகுதியைச் சுற்றி டேப் பிடித்தால் கிடைக்கும் எண், இடுப்புச் சுற்றளவு, உயரம் ஆகியவை இதில் அடங்கும். இரண்டாவது உடையளவு. தைத்து முடித்த சட்டையை விரித்து அளந்தால் கிடைக்கும் எண் அது. மூன்றாவது பெயரளவு. எஸ், எம், எல் என்று பட்டையில் போட்டிருக்கும் எழுத்து. இது பெயரளவுக்கு மட்டும்தான் அளவு. எத்தனை சென்டிமீட்டர் என்று அந்த எழுத்து சொல்வதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் எம் எவ்வளவு என்பதைத் தானே தீர்மானிக்கிறது.

உடலளவும் உடையளவும் சமமாக இருக்கக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். மூச்சு வாங்கவும் கையை வீசவும் இடம் வேண்டும். தையல்காரர்கள் இதை "லூஸ் விடுறது" என்பார்கள். மார்பு 90 செ.மீ. உள்ள பிள்ளைக்கு 50 செ.மீ. அகலச் சட்டை கொடுத்தால் சுற்றளவு 100, லூஸ் 10 செ.மீ. அதே பிள்ளைக்கு 47 செ.மீ. சட்டை கொடுத்தால் லூஸ் 4 செ.மீ. தான். போட முடியும், ஆனால் ஓட முடியாது.

உடலோடு ஒட்டி நிற்கும் டைட்ஸ், கம்ப்ரெஷன் உடைகளில் கணக்கு தலைகீழ். அங்கே உடையளவு உடலளவைவிடக் குறைவாக இருக்கும். துணி நீண்டு கொடுத்து உடலைப் பிடித்துக்கொள்ளும். டுபாண்ட் நிறுவனத்தின் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் ஸ்பான்டெக்ஸ் இழையை உருவாக்கிய பிறகுதான் இப்படிப்பட்ட உடைகள் பெருகின. லைக்ரா என்று நாம் சொல்வது அந்த இழையின் வணிகப் பெயர். ஆக, விளையாட்டு உடைக்கு அளவு முடிவு செய்யும் முன் அது தளர்ந்து தொங்கும் உடையா, ஒட்டி நிற்கும் உடையா என்று முதலில் தெரிய வேண்டும்.

யாருடைய உடம்பை வைத்து?

ஒரு நிறுவனம் அளவுப் பட்டியல் தயாரிக்க, மக்களின் உடலளவு தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1939, 1940ஆம் ஆண்டுகளில் சுமார் 15,000 பெண்களை, ஆளுக்கு 59 அளவுகள் வீதம் அளந்தார்கள். ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் இருவரின் அந்த ஆய்வு 1941இல் வெளிவந்தது. ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1958இல் அமெரிக்க அரசு வெளியிட்ட பெண்கள் உடைத் தர அளவுக்கு இந்த ஆய்வே பெரிதும் அடிப்படையாக இருந்தது. நிறுவனங்கள் அதைப் பின்பற்றுவது குறைந்துபோய் 1983இல் அது கைவிடப்பட்டது. அதன் பிறகு அவரவர் அளவு அவரவருக்கு.

இந்தியாவிலும் நெடுங்காலமாகச் சொந்த அளவுப் பட்டியல் இல்லை. வெளிநாட்டுப் பட்டியல்களையே கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்தி வந்தார்கள். இந்தக் குறையைப் போக்க, தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகமான நிஃப்ட் "இந்தியா சைஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனர் கொண்டு அளப்பது அதன் நோக்கம். எங்கே டேப் வைத்து எப்படி அளக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 8559 என்ற அனைத்துலகத் தர அளவும் இருக்கிறது.

இவற்றையெல்லாம் சொல்வதற்குக் காரணம், பட்டியலில் உள்ள "சராசரி உடம்பு" யாரோ ஒரு கூட்டத்தாரை அளந்து எடுத்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

திருப்பூரில் ஓர் எம் உருவாகும் விதம்

தமிழர்கள் கையால் உலகத்துக்கே பின்னலாடை போகும் ஊர் திருப்பூர். 1920களில் பனியன் தைக்கும் சிறு தொழிலாகத் தொடங்கி, 1970களின் இறுதியில் ஏற்றுமதியில் கால் வைத்தது. ஏற்றுமதியாளர் சங்கம் 1990இல் அமைந்தது. எவ்வளவு பெரிய ஆலையானாலும் அங்கே மக்கள் பேச்சில் "பனியன் கம்பெனி"தான். பருத்தியில் பெயர் எடுத்த ஊர் இப்போது பாலியஸ்டர் விளையாட்டு உடைகளுக்கும் மாறி வருகிறது. இலங்கையில் கிளிநொச்சியிலும், மாஸ் நிறுவனத்தின் "வானவில்" என்ற ஆலையில் விளையாட்டு உடைகள் தைக்கிறார்கள். ஊர் எதுவானாலும் பெரிய ஆர்டருக்கான வேலை முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் அளவுத்தாள். ஸ்பெக் ஷீட் என்பார்கள். "எம்" என்ற எழுத்து மட்டும் இருந்தால் யாரும் தைக்கத் தொடங்க மாட்டார்கள். மார்பு அகலம் அக்குளுக்கு 2.5 செ.மீ. கீழே, உயரம் தோள்பட்டையின் உச்சியிலிருந்து, தோள் அகலம், கை நீளம், கழுத்து அகலம் என ஒவ்வோர் இடத்துக்கும் எண் இருக்கும். எங்கிருந்து எங்கே அளப்பது என்பதும் படத்தோடு இருக்கும். அளக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறினால் எண்ணும் மாறிவிடும்.

அடுத்தது மாதிரி. ஒரே ஓர் அளவில், பெரும்பாலும் எம் அளவில், சட்டை தைத்து ஆளுக்குப் போட்டுப் பார்ப்பார்கள். கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறுகிறதா, குனிந்தால் முதுகு தெரிகிறதா என்று பார்த்துத் திருத்துவார்கள். அது சரியான பிறகு மற்ற அளவுகளுக்குப் பெருக்குவதும் சுருக்குவதும் நடக்கும். இதற்குக் கிரேடிங் என்று பெயர். எடுத்துக்காட்டாக, மார்பு அகலத்தில் அளவுக்கு அளவு 2.5 செ.மீ. ஏற்றினால் இப்படி வரும்:

எஸ்: 48.5 செ.மீ.
எம்: 51 செ.மீ.
எல்: 53.5 செ.மீ.
எக்ஸ்எல்: 56 செ.மீ.

பிறகு எல்லா அளவிலும் ஒவ்வொரு சட்டை தைத்து மறுபடியும் பார்ப்பார்கள். இதுதான் சைஸ் செட். எம் நன்றாக அமைந்தது என்பதற்காக எக்ஸ்எல்லும் நன்றாக அமையும் என்று சொல்ல முடியாது. மார்பு அகலம் கூடும் அதே வேகத்தில் தோளும் கழுத்தும் கூடினால் பெரிய அளவுச் சட்டை தோளிலிருந்து வழுக்கி விழும்.

துணிக்கும் ஓய்வு வேண்டும்

எண்கள் சரியாக இருந்தும் சட்டை தவறிப்போகும் இடம் துணி. நெய்த துணியில் நூல்கள் நேராகக் குறுக்கும் நெடுக்கும் போகும். பின்னல் துணி வளையம் வளையமாகக் கோர்த்தது. இழுத்தால் வளையம் நீளும், விட்டால் மெல்லத் திரும்பும். சாயப்பட்டறையிலிருந்து உருளையில் இறுக்கிச் சுற்றி வரும் துணி இழுபட்ட நிலையில்தான் இருக்கும். அதை அப்படியே மேசையில் விரித்து வெட்டினால், வெட்டிய துண்டு பிறகு சுருங்கிக்கொள்ளும். அதனால் துணியை உருளையிலிருந்து பிரித்து, ஒரு நாள் போல மடித்து வைத்துவிட்டுப் பிறகுதான் வெட்டுவது நல்ல ஆலைகளின் வழக்கம்.

துவைத்த பிறகு வரும் சுருக்கம் இன்னொன்று. பருத்திப் பின்னல் துணி 5 விழுக்காடு சுருங்குவது அதிசயம் இல்லை. மேலே உள்ள எம் 51 செ.மீ. 5 விழுக்காடு குறைந்தால் 48.45 செ.மீ. கடையில் எம் வாங்கினோம், ஒரு துவைப்பில் எஸ் ஆகிவிட்டது! இதைத் தடுக்கத்தான் துணியை முன்கூட்டியே சுருக்கி வைக்கும் காம்பாக்டிங் என்ற வேலையைச் செய்கிறார்கள். மிச்சம் வரும் சுருக்கத்தைக் கணக்கிட்டு வெட்டும் அளவைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

நம் பள்ளி ஜெர்சிகள் பெரும்பாலும் பாலியஸ்டர். துவைத்தால் அவ்வளவாகச் சுருங்காது. ஆனால் பெயரும் படமும் துணியிலேயே ஊறும்படி அச்சடிக்கும் சப்ளிமேஷன் முறையில் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் துணி சற்றே சுருங்கும். அதற்கு இடம் விடாமல் வெட்டினால் சட்டை சிறுத்துத்தான் வரும்.

தையலிலும் அளவு கரையும். பக்கத் தையலில் ஓவர்லாக் இயந்திரம் ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். தைப்பவர் குறித்த அளவைவிட 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டால், முன்துண்டில் 3, பின்துண்டில் 3, இரண்டு பக்கமும் சேர்த்துச் சுற்றளவில் 12 மில்லிமீட்டர் போய்விடும். ஒரு சட்டையைப் பார்த்தால் தெரியாது. நூறு சட்டையை அடுக்கினால் தெரியும்.

எவ்வளவு தவறலாம்?

மனிதர் வெட்டி மனிதர் தைப்பதால் எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி வராது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பார்கள். டாலரன்ஸ் என்பது இதுதான். "ஏற்கும் வேறுபாடு" என்று மாணவர்களுக்குச் சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அளவுக்கு அளவு 2.5 செ.மீ. ஏற்றம் என்று பார்த்தோம். ஏற்கும் வேறுபாடு கூட்டியும் குறைத்தும் 1.25 செ.மீ. என்று வைத்தால் என்ன ஆகும்? ஆகப் பெரிய எம் 52.25. ஆகச் சிறிய எல்லும் 52.25. எம்மும் எல்லும் ஒன்றாகிவிட்டன! இரண்டு சட்டையும் சோதனையில் தேறிவிடும், ஆனால் எழுத்துக்கு அர்த்தம் போய்விடும். வேறுபாட்டை 1 செ.மீ. என்று குறைத்தாலும் ஆகப் பெரிய எம் 52, ஆகச் சிறிய எல் 52.5. இடையில் அரை சென்டிமீட்டர் தான் மிச்சம். ஏற்கும் வேறுபாடு ஏற்றத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால்தான் எம் எம்மாகவும் எல் எல்லாகவும் இருக்கும். எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கடைசியில் செக்கிங். டேப்போடு மேசையில் உட்கார்ந்து அளப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாங்குபவர் தரப்பில் வரும் சோதனையாளர் எல்லாவற்றையும் அளக்க மாட்டார். ஐ.எஸ்.ஓ. 2859 என்ற தர அளவின் அட்டவணைப்படி சிலவற்றை மட்டும் எடுப்பார். 120 சட்டை என்றால் 20 எடுத்துப் பார்ப்பது ஒரு வழக்கம். ஏற்பு எல்லை 2.5 என்று வைத்தால், 20இல் ஒன்று பிழையானால் ஏற்கலாம், இரண்டு பிழையானால் மொத்தத்தையும் நிறுத்தி வைக்கலாம்.

நம் பள்ளிக்கு ஆர்டர் கொடுக்கும்போது

பெரிய பிராண்டு செய்வதை நாமும் சிறிய அளவில் செய்யலாம். பணம் அதிகம் ஆகாது, ஒரு வாரம் முன்னதாகத் தொடங்கினால் போதும்.

1. எழுத்தைக் கேட்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். "வீட்டில் உனக்கு நன்றாக அமைந்திருக்கும் ஒரு டி-சட்டையைத் தரையில் விரி. அக்குளுக்குக் கீழே ஓரத்திலிருந்து ஓரம், தோளிலிருந்து கீழ் மடிப்பு, இந்த இரண்டையும் அளந்து அனுப்பு" என்று சொன்னால் போதும். பிள்ளையின் உடம்பை யாரும் அளக்க வேண்டியதில்லை.

2. கடையிலிருந்து சென்டிமீட்டரிலோ அங்குலத்திலோ எழுதிய அளவுப் பட்டியலை வாங்குங்கள். அது உடலளவா உடையளவா என்று கட்டாயம் கேளுங்கள். மார்பு 51 என்றால் சட்டை அகலம். 102 என்றால் சட்டையின் சுற்றளவாக இருக்கலாம், உடலின் சுற்றளவாகவும் இருக்கலாம்.

3. நீளக் கை, குட்டைக் கை, முஸ்லிமா கட் மூன்றுக்கும் ஒரே பட்டியலா என்று பாருங்கள். பெண்பிள்ளைகளுக்கு இடுப்பு அகலமும் சட்டை உயரமும் முக்கியம்.

4. சைஸ் செட்டை மூன்று நாள் பள்ளியில் வைக்கக் கேளுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் ஒதுக்கமான இடத்தில் போட்டுப் பார்க்கட்டும். நின்று பார்த்தால் போதாது. கையைத் தூக்கி, குனிந்து, நாலு எட்டு ஓடிப் பார்க்க வேண்டும்.

5. ஏற்கும் வேறுபாட்டை ஆர்டர் தாளிலேயே எழுதுங்கள். "மார்பு அகலம் கூடவோ குறையவோ 1 செ.மீ. வரை, அதைத் தாண்டினால் பெயர் அச்சடித்திருந்தாலும் மாற்றித் தர வேண்டும்." இந்த ஒரு வரி என்னிடம் இல்லாததால்தான் சென்ற ஆண்டு கடையில் பேச முடியாமல் நின்றேன்.

6. வந்த அன்றே பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். எல்லா அளவிலிருந்தும் கலந்து 20 சட்டை எடுத்து அளந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

வகுப்பில் பயன்படுத்த

இரண்டாம், மூன்றாம் படிவத்தில் செயல்முறையை விளக்கி எழுதும் பாடத்திற்கு இது பொருந்தும். மாணவர்களை ஒரே எழுத்துள்ள டி-சட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்புக்கு எட்டு எம் சட்டைகள் வந்தன. ஆகச் சிறியது 46 செ.மீ., ஆகப் பெரியது 54 செ.மீ. வகுப்பே சத்தம் போட்டுச் சிரித்தது. அதன் பிறகு "எப்படி?" என்ற கேள்வியை நான் கேட்கத் தேவைப்படவில்லை, அவர்களே கேட்டார்கள்.

குழுவாக அட்டவணை வரையச் சொல்லி, பிறகு "ஒரு சட்டை உருவாகும் விதம்" என்று ஐந்து பத்தி எழுதச் சொல்லலாம். "முதலில், அடுத்து, அதன்பின், இறுதியாக" போன்ற தொடர்ச்சொற்களும், "வெட்டப்படுகிறது, தைக்கப்படுகிறது" போன்ற செயப்பாட்டு வினைகளும் இயல்பாகவே வந்து விழும். உடலளவு, உடையளவு, பெயரளவு என்ற மூன்று சொற்களையும் சரியான இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். உயர்நிலைச் சிந்தனைக்கு ஒரு கேள்வி: அளவுக்கு அளவு ஏற்றம் 2 செ.மீ. என்றால் ஏற்கும் வேறுபாடு எவ்வளவு வரை இருக்கலாம்? ஏன்?

ஒரு கவனம். சட்டையை மட்டும் அளக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகளின் உடம்பை அளக்கவும் கூடாது, ஒப்பிடவும் கூடாது.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். இரண்டு சட்டைக்கும் நடுவில் டேப் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அப்போ நான் மாறலையா டீச்சர்?" என்று கேட்டாள். விளையாட்டுச் செயலாளரிடம் சொல்லி, முந்தைய ஆண்டுச் சட்டையிலேயே ஓட அனுமதி வாங்கினோம். நிறம் மட்டும் ஒன்று, வடிவம் வேறு. எட்டாவதாக வந்தாள். இந்த ஆண்டு இல்லத்துக்கான அளவுகளைச் சேகரித்து அட்டவணை போட்டவள் அவள்தான். அவள் தாளில் எஸ், எம், எல் எதுவும் இல்லை, வரிசையாக எண்கள் மட்டும் இருந்தன.